போ என்கிற மனசும் இரு என்கிற மனசும்

"ஒரு மனசு போகச் சொல்லுது, இன்னொரு மனசு வேண்டாம்னு சொல்லுது." இதைச் சொல்லாத ஆள் நம்மில் யாராவது உண்டா? ஒரே ஆளுக்குள் எப்படி இரண்டு மனசு இருக்கும் என்று எதிரில் இருப்பவரும் கேட்பதில்லை. "ஆமா, எனக்கும் அப்படித்தான்" என்று தலையாட்டுவார். பேச்சு வழக்கில் இவ்வளவு இயல்பாக ஒத்துக்கொண்ட விஷயத்தை, தனியாக உட்கார்ந்து நம்மைப் பற்றி யோசிக்கும்போது மட்டும் ஏனோ ஒத்துக்கொள்ள மறுக்கிறோம். அப்போது கேள்வி வேறு விதமாக வருகிறது. நான் தைரியசாலியா, கோழையா? பாசமுள்ள ஆளா, சுயநலமான ஆளா? உழைப்பாளியா, சோம்பேறியா?

அந்த 'ஆ'வில்தான் சிக்கல். இரண்டில் ஒன்றைச் சொல், மற்றதை விடு என்று அது நம்மை மிரட்டுகிறது. ஆனால் தமிழிலேயே இன்னொரு வழியும் இருக்கிறது. இரவு பகல், மேடு பள்ளம், வரவு செலவு, விருப்பு வெறுப்பு. பள்ளியில் இதை உம்மைத்தொகை என்று படித்தோம். இரவும் பகலும் என்பதில் உள்ள 'உம்' மறைந்து நிற்கிறது. 'இரவு பகலாக உழைத்தார்' என்றால் நாள் முழுக்க உழைத்தார் என்று பொருள். எதிரெதிரான இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழுசு கிடைக்கிறது என்பது மொழிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த 'உம்'மை நமக்குள்ளும் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை பேசப்போகும் கருத்து.

இதை ஒரு உளவியல் கொள்கையாக வளர்த்தெடுத்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961). 1900-ஆம் ஆண்டு சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் செய்த சோதனை மிக எளிமையானது. ஒரு சொல்லைச் சொல்வார்; கேட்பவர் மனதில் உடனே தோன்றும் வேறொரு சொல்லைச் சொல்ல வேண்டும். தலை, பச்சை, தண்ணீர் என்று நூறு சொற்கள் கொண்ட பட்டியல் அது. கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். பெரும்பாலான சொற்களுக்குச் சட்டென்று பதில் வரும். சில இடங்களில் மட்டும் ஆள் தடுமாறுவார், நேரம் நீளும், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார், சிரிப்பார். ஏன் தடுமாறினீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. எங்கெங்கே தடுமாறினார் என்று சேர்த்துப் பார்த்தால், அவர் தன்னிடமிருந்தே மறைத்து வைத்திருந்த ஏதோ ஒன்றின் உருவம் மெல்லத் தெரியும். இன்று நாம் சாதாரணமாகப் பேசும் 'காம்ப்ளெக்ஸ்' என்ற சொல் பரவியதில் இந்தச் சோதனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்கு இந்தச் சோதனை பிடித்திருப்பதற்குக் காரணம், 'நான்' என்று நாம் சொல்வது நம் முழு ஆள் அல்ல என்பதை அது தத்துவம் பேசாமல் காட்டிவிடுகிறது. உள்ளே இன்னொரு தரப்பு இருக்கிறது. கேட்காமலே அது பதில் சொல்கிறது. அதே மருத்துவமனையின் தலைவர் ஆய்கன் ப்ளாய்லர்தான், ஒரே பொருளின்மேல் ஒரே நேரத்தில் விருப்பும் வெறுப்பும் கொள்ளும் நிலைக்கு 1910-இல் 'ஆம்பிவேலன்ஸ்' என்று பெயர் வைத்தவர்.

இந்த இன்னொரு தரப்பு எங்கிருந்து வருகிறது?

கைக்குழந்தையைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கொஞ்சும், கத்தும், பிடுங்கும், கையில் இருப்பதை நம் வாயில் ஊட்டும். அதனிடம் எல்லாமே இருக்கிறது, எதற்கும் வெட்கமில்லை. வளர வளர வீடும் பள்ளியும் சொல்லித் தருகின்றன. 'இவன் வாயே திறக்க மாட்டான், தங்கமான பிள்ளை.' 'பெரியவள் நீ, விட்டுக்கொடு.' 'ஆம்பளப் பிள்ளை அழலாமா?' எதற்குப் பாராட்டு, எதற்கு முறைப்பு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. பாராட்டு கிடைத்த பாதி முன்னால் வருகிறது. முறைப்பு கிடைத்த பாதி உள்ளே போகிறது. முன்னால் நிற்பதற்கு யுங் 'பெர்சோனா' என்று பெயரிட்டார். நாடக நடிகர் அணியும் முகமூடிக்கான லத்தீன் சொல் அது. உள்ளே போனதற்கு 'நிழல்' என்று பெயரிட்டார்.

முகமூடி கெட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் மருத்துவர் தன் நடுக்கத்தை நோயாளியிடம் காட்டிக்கொண்டிருக்க முடியாது. முகமூடி வேண்டும். அதுவே தன் முகம் என்று நம்ப ஆரம்பிப்பதுதான் ஆபத்து.

நிழல் என்றதும் குரூரம், பேராசை, பொறாமை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் அங்கே உண்டு. ஆனால் எது உள்ளே போகிறது என்பது வீட்டைப் பொறுத்தது. முரட்டுத்தனத்தை மதிக்கும் வீட்டில் மென்மை நிழலுக்குப் போகும். அடக்கம் அடக்கம் என்று சொல்லும் வீட்டில் திறமையும் துணிச்சலும் போகும். எப்போதும் வேலை வேலை என்று ஓடும் வீட்டில் விளையாட்டும் ஓய்வும் குற்றமாகி உள்ளே ஒளிந்துகொள்ளும். ஆகவே நிழலைத் தேடிப் போகிறவருக்குக் கிடைப்பது அழுக்கு மட்டும் அல்ல. தன்னுடைய உயிர்ச்சக்தியில் பாதியே அங்கே பூட்டிக்கிடப்பதைப் பலரும் நாற்பது வயதுக்கு மேல்தான் கண்டுபிடிக்கிறார்கள். வாழ்க்கையின் முற்பாதியில் உலகத்தில் இடம்பிடிக்க ஒரு பக்கமாக வளர்வது தேவைதான், பிற்பாதியில்தான் விடுபட்ட பக்கம் கதவைத் தட்டும் என்பது யுங்கின் கணிப்பும்கூட.

உள்ளே போனது சும்மா இருப்பதில்லை. அது வெளியே வரும் வழிகளில் முக்கியமானது, அடுத்தவர் முகத்தில் தெரிவது. ஒருவர் கடுமையான உழைப்பாளி. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மதியம் பத்து நிமிடம் கண்ணயர்ந்தால் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை எதுவும் கெடவில்லை. இவருக்கு நஷ்டமும் இல்லை. ஆனாலும் மாலை வீட்டுக்குப் போய் அதைப் பற்றியே பேசுவார். தனக்குத் தான் தர மறுத்த ஓய்வை இன்னொருவர் கூசாமல் எடுத்துக்கொள்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். உளவியலில் இதை 'ப்ரொஜெக்‌ஷன்' என்கிறார்கள். நம்முடையதை அடுத்தவர்மேல் ஏற்றிப் பார்ப்பது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். எல்லா எரிச்சலும் நம் நிழல் அல்ல. ஒருவர் நம்மை ஏமாற்றினால் வரும் கோபம் நேர்மையான கோபம். அதை 'உன் நிழலைப் பார்' என்று திருப்பிவிடுவது அநியாயம். பார்க்க வேண்டியது அளவைத்தான். நடந்ததைவிடப் பத்து மடங்கு பெரிதாக நமக்குள் எரிகிறது என்றால், அந்த மிச்ச ஒன்பது மடங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அளவுக்கு மீறிய வியப்பும் அப்படித்தான். யாரோ ஒருவரைக் கண்டு சொக்கிப்போய் நிற்கிறோமே, அவரிடம் நாம் காண்பதில் கொஞ்சம் நம்முடையதாகவே இருக்கலாம்.

இன்னொரு வழி, திடீர் வெடிப்பு. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று நாம் சொல்வது இதைத்தான். வருஷக்கணக்காக ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவர் ஒரு நாள் கத்தும்போது அதில் அன்றைய கோபம் மட்டும் இருப்பதில்லை. ஒரு பக்கமாக முழுக்கச் சாய்ந்துவிட்டால், காலப்போக்கில் அது தன் எதிர்ப்பக்கமாகவே மாறிவிடும் என்று யுங் கருதினார். அதற்கு அவர் வைத்த 'எனான்டியோட்ரோமியா' என்ற பெயரைக் கிரேக்கச் சிந்தனையாளர் ஹெராக்ளிட்டஸோடு சேர்த்துச் சொன்னார். அவர் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தவர். வில்லையும் யாழையும் எடுத்துக்காட்டி, எதிரெதிராக இழுபடுவதில்தான் இசைவு இருக்கிறது என்றவர். நாணை அவிழ்த்துவிட்டால் வில்லுக்கு அமைதி கிடைக்கும், ஆனால் அது வில்லாக இருக்காது.

அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரபலமான பரிசோதனையும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் 1987-இல் வெளியிட்டது. மனதில் தோன்றுவதை ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆனால் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மணியை அடியுங்கள் என்று பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது கரடியை நினைக்கலாம்' என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ஒரு கரடிக்கே இந்த நிலை. இருபது வருஷம் அடக்கி வைத்த ஆசையும் ஆத்திரமும் என்ன செய்யும்?

சரி, அடக்க வேண்டாம். அப்படியென்றால் இஷ்டப்படி ஆடலாமா? இந்த இடத்தில்தான் பலரும் தவறான பக்கம் திரும்பிவிடுகிறார்கள். தன் குரூரத்தை ஏற்றுக்கொள்வது என்றால் குரூரமாக நடப்பது என்று பொருள் இல்லை. தனக்குள் பொறாமை இருக்கிறது என்று தெரிந்தவர், அதைக் கையில் பிடித்து வைத்திருக்கிறார். தெரியாதவரைத்தான் அது பிடித்து வைத்திருக்கிறது. 'நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான், என் நிழல் இது' என்று சொல்லிக்கொண்டு பிறரைப் புண்படுத்துகிறவர் நிழலை ஏற்கவில்லை. முன்பு ஒரு பாதியாக இருந்தார். இப்போது மற்றப் பாதியாக மாறியிருக்கிறார்.

இரண்டாவது தவறு, இதை நடுநிலை என்று நினைப்பது. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்தால் வெதுவெதுப்பு கிடைக்கும். கொஞ்சம் தைரியம், கொஞ்சம் பயம், இரண்டையும் கலந்து ஒரு மந்தமான ஆளாக ஆவது முழுமை இல்லை. நம் இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வேகப்படுத்த ஒரு நரம்பு மண்டலம், நிதானப்படுத்த இன்னொன்று. இரண்டும் எந்நேரமும் வேலையில் இருக்கின்றன. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு எழுபது அடிக்கிறது என்றால், நிதானப்படுத்தும் நரம்பு பிடித்து வைத்திருப்பதால்தான். இரண்டையும் விலக்கிவிட்டால் இதயம் தன்போக்கில் நூறு முறை அளவில் துடிக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது பிடி தளர்கிறது, மற்றது முந்துகிறது. இரண்டும் முழு பலத்தோடு இருப்பதால்தான் ஓடவும் முடிகிறது, தூங்கவும் முடிகிறது. உள்முரண்களை ஏற்பது என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான். இரண்டும் மங்கிப்போகக் கூடாது. இரண்டும் கைக்கு எட்ட வேண்டும்.

ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கத்தும்போது என்ன செய்வது? இதுதான் கருத்தின் நடு இடம், கடினமான இடமும்கூட.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். அப்பா என்றால் உயிர். ஒரு நள்ளிரவில் நான்காவது முறையாக எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, 'இது எப்போது முடியும்' என்று ஒரு எண்ணம் வருகிறது. முடிவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். உடல் பதறிப்போகிறது. நானா இப்படி நினைத்தேன்? நான் மகளா, பேயா? மறுநாள் அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்னும் கூடுதலாக ஓடி ஓடிச் செய்கிறாள். உதவிக்கு வருகிறேன் என்ற தம்பியைக்கூட 'நானே பார்த்துக்கறேன்' என்று தடுத்துவிடுகிறாள். களைப்பு கூடுகிறது. எண்ணம் மறுபடி வருகிறது, இந்த முறை இன்னும் சத்தமாக.

இருதலைக் கொள்ளி எறும்பு என்போம். குச்சியின் இரண்டு முனையிலும் தீ. எறும்பு இந்தப் பக்கம் ஓடுகிறது, சுடுகிறது. அந்தப் பக்கம் ஓடுகிறது, அங்கேயும் சுடுகிறது. அந்தப் பெண்ணும் இப்படித்தான் பாசத்துக்கும் வெறுப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறாள். யுங் சொல்லும் வழி, ஓடாமல் நிற்பது. 'எனக்கு அப்பாமேல் உயிரும் இருக்கிறது, இது முடிய வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது' என்று இரண்டு 'உம்' போட்டு ஒரு முறை தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது. ஒன்றை வைத்து மற்றதை வெட்டாமல், இரண்டும் சுடச் சுட, கொஞ்ச நாள் அப்படியே வைத்திருப்பது. சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இப்படி வைத்திருந்தால் இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று தானாக எழும் என்பது யுங்கின் முடிவு. எதிர்மைகளைத் தாண்டிச் செல்லும் இந்த மனச்செயலைப் பற்றி 1916-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். அது பல பத்தாண்டுகள் அச்சேறாமல் கிடந்தது. நம் பெண்ணுக்கு அந்த மூன்றாவது என்னவாக வரும்? முடிய வேண்டும் என்று அவள் விரும்பியது அப்பாவின் உயிர் அல்ல, இந்தத் தனிமை என்று ஒரு நாள் தெரியலாம். தம்பியைக் கூப்பிட்டு 'சனி ஞாயிறு ராத்திரி உன்னோடது' என்று சொல்லலாம். பாசம் மட்டும் பேசியிருந்தால் அவள் சாகும்வரை தனியாகச் செய்திருப்பாள். வெறுப்பு மட்டும் பேசியிருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பாள். கெட்ட எண்ணம் என்று அவள் பயந்தது, உள்ளே இருந்து வந்த ஒரு செய்தியாக இருந்தது. அவசரமாகச் சமாதானம் தேடியிருந்தால் அது கேட்டிருக்காது.

இப்படி விடுபட்ட பாதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு ஒருவர் தானாக ஆகும் நீண்ட பயணத்தை யுங் 'இண்டிவிஜுவேஷன்' என்றார். தனித்துவம் பெறுதல் என்று சொல்லலாம். அதன் இலக்கு குறையில்லாத ஆளாவது அல்ல, முழு ஆளாவது. குறையின்மையையும் முழுமையையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். குறையில்லாமல் ஆக வேண்டும் என்றால் பலவற்றை வெட்டி எறிய வேண்டும். முழுசாக ஆக வேண்டும் என்றால் எறிந்ததைத் தேடி எடுத்து வர வேண்டும். போகும் திசையே வேறு.

இந்தப் பார்வை யுங்கோடு தொடங்கியதும் இல்லை, முடிந்ததும் இல்லை. எதிரெதிரானவை எல்லையற்றதில் ஒன்றாகச் சேர்கின்றன என்று ஜெர்மானிய இறையியலாளர் நிக்கோலஸ் குசானுஸ் 1440-லேயே எழுதினார். சீனத்தின் யின்-யாங் வட்டத்தில் கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, வெள்ளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. நமக்கோ அம்மையப்பன் வடிவம் புதிதல்ல. மனதின் ஆழத்தில் மறைந்திருப்பதை ஆராயும் உளப்பகுப்பாய்வில் மெலனி க்ளெய்ன் இதைக் குழந்தையிடமே கண்டார்: பால் தரும் நல்ல அம்மாவும் காக்க வைக்கும் கெட்ட அம்மாவும் இரண்டு பேர் அல்ல, ஒரே அம்மாதான் என்று புரியும்போது குழந்தை பெரிய அடி எடுத்து வைக்கிறது என்றார். இன்று பயன்பாட்டில் இருக்கும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற உளச்சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லைன்ஹன், 'நீ இருக்கிறபடியே உன்னை ஏற்கிறேன்', 'நீ மாற வேண்டும்' என்ற இரண்டையும் ஒரே சிகிச்சைக்குள் வைத்தார்.

யுங் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆணுக்குள் ஒரு பெண், பெண்ணுக்குள் ஒரு ஆண் என்று அவர் சொன்னது அழகான தொடக்கம்தான். ஆனால் உணர்ச்சியைப் பெண்ணுக்கும் அறிவை ஆணுக்கும் பங்கு பிரித்ததில் அவர் காலத்து எண்ணங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பங்கீட்டை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் மறுக்கப்பட்ட பக்கம் ஒன்று உண்டு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது பேனாவும் தாளும்தான். இரண்டு மனசையும் பேச விடுங்கள். ஒரு பத்தி அது, ஒரு பத்தி இது. நியாயம் சொல்ல நடுவில் புகாதீர்கள். 1913-இல், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டோடு உறவு முறிந்த பிறகு யுங்கும் தன் உள்ளே தோன்றிய உருவங்களோடு இப்படிப் பேசிப் பேசித்தான் எழுதினார். சிவப்புத் தோல் அட்டையிட்ட அந்தப் பெரிய ஏடு 2009-இல்தான் அச்சில் வந்தது. எழுத வராதவர்கள் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, மாறி மாறி இரண்டிலும் உட்கார்ந்து பேசலாம். கெஸ்டால்ட் என்ற உளச்சிகிச்சை முறையில் இதைச் செய்கிறார்கள். பேசப் பேச உடம்பு நடுங்குகிறது, பழைய கொடுமைகள் கண்முன் வருகின்றன என்றால் தனியாகத் தொடர வேண்டாம். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

நான் எழுதிப் பார்த்ததையும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பொறுமைக்குப் பெயர்போன ஆள் நான்தான். அடுத்தவர் பேச்சில் குறுக்கே விழுந்து பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அப்படி ஒருவரோடு இருந்த நாளெல்லாம் தலைவலி. ஒரு இரவு அந்தக் குறுக்கே பேசும் ஆளாக நானே மாறி ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு பக்கம் போயிற்று. 'ஒரு தடவையாவது நான் சொல்றதை முழுசா கேளுங்க' என்ற வரி அதில் ஏழு இடத்தில் இருந்தது. அடுத்த வாரம் வீட்டில் எல்லோரும் ஏதோ முடிவெடுத்துக்கொண்டிருந்தபோது, குரல் உயராமல், "இருங்க, நான் இன்னும் முடிக்கலை" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மட்டும், "சொல்லு" என்றார்.